வெங்கோ யா

நேற்றுப் போட்ட சட்டையைத் துவைக்கப் போடுவதற்கு முன் பைக்குள் கையை விட்டேன். நாலைந்து ஏலக்காய் கிடந்தது. கை உள்ளே போனதுமே வாசம் வெளியே வந்துவிட்டது. ஆனால் இது நம்ம போடிக் காய் இல்லையய்யா. கொஞ்சம் வெளிறின பச்சை, தோல் தடிப்பு, நறுக்கென்று மூக்கில் ஏறாமல் சாவகாசமாக ஏறுகிற வாசம். நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஒன்றை எடுத்துக் கடித்து, மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு, "குவாத்தமாலா காய்யா இது, எங்கன பிடிச்ச?" என்று கேட்டிருப்பாய். ஆமாம், குவாத்தமாலா காய்தான். அந்த நாட்டுக்காரர் ஒருவரே தன் கையால் கொடுத்தது, அதுவும் உங்கள் போடி பஜாரில் வைத்து. நம்பாவிட்டால் கிட. நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடப்போவதில்லை.

நீ இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த ஒரு வருடத்தில் உன்னிடம் சொல்லவேண்டியது எத்தனையோ வந்தது, எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன். நேற்று நடந்ததை மட்டும் விழுங்க முடியவில்லை. ஏனென்றால் நேற்று தெரிந்த விஷயம் எனக்கு உரியதே இல்லை. அது உனக்கு வரவேண்டியது, ஆள் தப்பி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

உனக்கு ஸ்பானிஷ் வாத்தியார் ஆகவேண்டும் என்ற கிறுக்கு எப்படி வந்தது என்று யோசித்தால் இன்றைக்கும் சிரிப்புதான் வருகிறது. தொண்ணூற்றாறில் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.ஏ. ஆங்கிலத்தில் ஒரே பெஞ்சில் வந்து விழுந்தோம். நான் தேனி பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்த, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீட்டுப் பையன். நீ போடியில் ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பையன். உங்கள் கடையில் காய் விலை இறங்குகிற நாளெல்லாம் உன் அப்பா திட்டுவது ஒரே ஒரு நாட்டைத்தான். "குவாத்தமாலாக்காரன் காயக் கொண்டாந்து கொட்டிட்டான்" என்பார். மழை பெய்யாவிட்டாலும் அவருக்குக் குவாத்தமாலாதான் காரணம். ஒரு நாள் நீ அட்லஸைப் புரட்டி அந்த நாட்டைக் கண்டுபிடித்தாய். அங்கே பேசுவது ஸ்பானிஷ் என்றும் கண்டுபிடித்தாய். கல்லூரி கேண்டீனில் என் வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டே சொன்னாய்:

"நம்ம விலைய எறக்குறவன் என்னதான் பேசிக்கிறான்னு தெரிஞ்சுக்கிறணும்யா. திட்டுறதுன்னாக்கூட அவன் பாஷையில திட்டுனாத்தான அவனுக்கு ஒறைக்கும்?"

திட்டுவதற்காகப் படிக்கப்போன பாஷை. ஹைதராபாத்தில் மொழிகளுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பி.ஏ. முடித்த கையோடு நீ விண்ணப்பம் போட்டாய். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாய். என் அப்பா, "ஸ்பானிஷ் படிச்சு ஸ்பேனர் விக்கப் போறியா?" என்று கேட்டார். உன் அம்மா உனக்குப் பருப்புப்பொடி டப்பாவை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை.

அங்கே நமக்கு வாய்த்த ஆசிரியை மாட்ரிட்டிலிருந்து வந்தவர். வெயிலைக் கண்டால் கோபம் வரும், பிழையைக் கண்டால் அதைவிட வரும். ஆனால் உன்மேல் முதல் வாரத்திலேயே அவருக்கு ஒரு பிரியம் விழுந்துவிட்டது. காரணம் 'ஞ'. ஸ்பானிஷில் அந்த ஒலிக்கென்று தலையில் ஒரு சுழி போட்ட எழுத்து இருக்கிறது. வடக்கத்திப் பையன்களெல்லாம் 'எஸ்பான்யா, எஸ்பான்யா' என்று உடைத்துக்கொண்டிருந்தபோது, நீ எழுந்து நின்று 'எஸ்பாஞா' என்று சொன்னாய், பாலில் விழுந்த பழம் போல. அந்தம்மா கைதட்டினார். எங்கே கற்றாய் என்று கேட்டார். நீ கூச்சமில்லாமல், "எங்க ஊர்லருந்து மலையேறினாக் கேரளா. அங்கன எல்லாரும் ஞான், ஞான்னுதான் பேசுவாக" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு அதை ஆங்கிலத்தில் சொல்லத் திணறினாய்.

அந்த அம்மா முதன்முதலில் பிடித்த பிழையும் உன்னுடையதுதான். வகுப்பு முடிந்து கிளம்பும்போது நீ அவரிடம், "வெங்கோ" என்றாய். வெங்கோ என்றால் 'வருகிறேன்'. நாம் எங்கே கிளம்பினாலும் 'வர்றேன்' என்றுதானே சொல்வோம். அதை அப்படியே எடுத்து அங்கே வைத்துவிட்டாய். அந்தம்மா புரியாமல், "எங்கே வருகிறாய்? இங்கேதானே நிற்கிறாய்?" என்று கேட்டார். நீ கதவைக் காட்டினாய். அவர், "அப்படியானால் 'மே வோய்' என்று சொல்ல வேண்டும், 'போகிறேன்' என்று" என்றார். நீ அவரை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவரைப் பார்ப்பது போலப் பார்த்தாய். அறைக்கு வந்ததும் என்மேல் பாய்ந்தாய்.

"போறேன்னா? நல்ல நாளும் அதுவுமா வீட்ட விட்டுக் கெளம்பயில போறேன்னு சொல்லச் சொல்றாகய்யா. எங்காத்தா காதுல விழுந்தா வெளக்குமாத்தத் தூக்கிரும்."

'வுவெல்வோ' என்றொரு சொல் இருக்கிறது, 'திரும்புகிறேன்' என்று பொருள், அதையாவது சொல்லித் தொலை என்றேன். "திரும்புறதுக்கு நான் என்ன டவுன் பஸ்ஸா?" என்றாய். உன்னோடு யாரால் முடியும்?

அதற்குப் பிறகு அது விடுதியிலேயே ஒரு விளையாட்டாகிவிட்டது. டீ குடிக்கக் கிளம்பினாலும் என்னிடம், "வெங்கோ யா" என்பாய். நம்ம ஊர் 'வர்றேன்யா'வில் பாதியை ஸ்பானிஷாக்கி மீதியைப் போடியிலேயே விட்டுவிட்டாய். ஸ்பானிஷிலும் 'யா' என்று ஒரு சொல் இருக்கிறது, 'இதோ', 'இப்போதே' என்கிற மாதிரி, என்று படித்த அன்று நீ குதித்த குதி இருக்கிறதே! "பாத்தியா, அவுகளும் நம்மாளுகதான்" என்றாய். பீகார்ப் பையனும் வங்காளிப் பையனும்கூட உன்னைப் பார்த்து 'வெங்கோ யா' சொல்லிவிட்டுத்தான் குளிக்கவே போனார்கள்.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்த பிறகுதான் நமக்கு உறைத்தது, படித்ததால் மட்டும் வாத்தியார் ஆகிவிட முடியாது என்று. ஸ்பானிஷ் கற்பிக்கத் தனியாக பி.எட். நமக்கு எட்டிய தூரத்தில் எந்தக் கல்லூரியிலும் இல்லை. விசாரித்து விசாரித்துக் கடைசியில் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஆங்கிலத்தில் ஒரு பி.எட். முடிக்கவேண்டும், அதோடு ஸ்பெயின் நாட்டு அரசு நடத்துகிற மொழித் தேர்வில் தேறவேண்டும். இரண்டும் கையில் இருந்தால்தான் பள்ளிக்கூடத்துக்காரர்கள் 'ஸ்பானிஷ் ஆசிரியர்' என்று வேலை கொடுப்பார்கள். ஒன்று குறைந்தாலும் வாசலோடு சரி. பி.எட். சேரப் போன இடத்தில் அலுவலகத்துக்காரர், "ஸ்பானிஷா? அதுக்கு இங்க ஆப்ஷனல் இல்லியே தம்பி. தமிழ், இங்கிலீசு, கணக்கு, சயின்ஸ், ஹிஸ்டரி. இதுல எது வேணும்?" என்று ஓட்டலில் சட்னி கேட்பது மாதிரிக் கேட்டார். ஆங்கிலம் என்றோம்.

கற்பித்தல் பயிற்சிக்கு நம் இருவரையும் தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். லெசன் பிளான் எழுதி, சார்ட் வரைந்து, பின்னால் உட்காருகிற பேராசிரியை முன்னால் பாடம் நடத்த வேண்டும். நான் ஒழுங்காக ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பிலிருந்து ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால் நீ ஒன்பதாம் வகுப்புக்கு ஸ்பானிஷ் நடத்திக்கொண்டிருக்கிறாய்.

"உங்க மாமா வீட்டுக்கு வர்றாக. அவுக மொகத்தப் பாத்தே எப்பிடிக் கேப்பீக? நீ சாப்பிட்டியான்னா?"

"இல்ல சார்! மாமா சாப்பிட்டாகளா!"

"யாரோ வேற ஆளப் பத்திக் கேக்குற மாதிரி. ஆனா கேக்குறது எதுக்க நிக்கிற மாமாவ. இதேதான் ஸ்பானிஷ்ல 'உஸ்தெத்'. மரியாதைக்காரவுகள எதுக்க நிக்கவச்சுக்கிட்டே, அவர் சாப்பிட்டாரான்னு கேக்கணும்."

நாம் ஹைதராபாத்தில் ஒரு மாதம் முட்டி மோதிய இலக்கணம் அது. நீ ஒரு மாமாவை வரவழைத்துக் கையில் கொடுத்துவிட்டாய். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியை பின்வாசல் வழியாக வந்து நின்றுவிட்டார். "இது எந்தப் பாடத்திட்டத்துல இருக்கு?" என்று கேட்டார். நீ நெளிந்துகொண்டே, "பாடத்திட்டத்துல இல்லங்க மேடம். மாமா வீட்டுல இருக்கு" என்றாய். வகுப்பே சிரித்தது. அவரும் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. அன்று மாலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பையனப் பாத்துக்கங்க. அவன் வாத்தியாரா ஆகல, வாத்தியாராப் பொறந்திருக்கான்" என்றார். அதை உன்னிடம் சொன்னபோது நீ காது சிவந்து, ஒரு நாள் முழுக்க என்னிடம் ஒழுங்காகப் பேசவில்லை.

பி.எட். இருவரும் தேறினோம். அடுத்து ஸ்பெயின் தேர்வு. அதற்கு டெல்லி வரைக்கும் போகவேண்டியிருந்தது. எழுத்துத் தேர்வில் உனக்குப் பயமே இல்லை. பேச்சுத் தேர்வில் நான் முதலில் போய் வந்தேன், நீ எனக்குப் பின்னால் போனாய். வெளியே வரும்போதே உன் முகம் சரியில்லை. கேட்டதற்கு, "ஊருக்குப் போயிப் பேசுவம்யா" என்றாய்.  மதுரையில் இறங்கி, நம்ம போடி வண்டியில் ஏறி, அது உசிலம்பட்டியைத் தாண்டி மூச்சிரைத்துக்கொண்டு மேடு ஏறும்போதுதான் சொல்ல ஆரம்பித்தாய்.

பேச்செல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. கடைசியாக ஒரு சிறு நடிப்பு. 'நண்பர் வீட்டு விருந்து முடிந்தது, விடைபெற்றுக் கிளம்புங்கள்' என்றிருக்கிறார் தேர்வாளர். வயதான அம்மையார். நீ நன்றி சொன்னாய், சாப்பாடு பிரமாதம் என்றாய், எழுந்து நின்றாய். பழக்கதோஷத்தில் "வெங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தாய். அவர், "எங்கே வருகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அப்போதாவது மன்னிப்புக் கேட்டு மாற்றிச் சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? மாட்டாயே. திரும்பி வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த நேரம் முழுக்க, எங்கள் ஊரில் கிளம்புகிறவன் ஏன் போகிறேன் என்று சொல்லமாட்டான் என்று அவருக்கு ஸ்பானிஷில் பாடம் நடத்தியிருக்கிறாய்.

"என்னய்யா சொன்ன அவுகட்ட?"

"எங்க ஊர்ல செத்தவுக மட்டுந்தான் போவாக, மத்தவுகல்லாம் வருவாகன்னு சொன்னேன்."

"அதுக்கு அவுக?"

"அதுக்குள்ள மணியடிச்சிருச்சு."

எனக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. "எப்பவும் வெங்கோ யான்னுதான சொல்லுவ, அங்கன மட்டும் ஏன் வெறும் வெங்கோ?" என்று கேட்டேன். நீ என்னை முறைத்தாய். "அவுக வயசென்ன, நம்ம வயசென்ன? பெரியவுகட்டப் போயி யான்னா நல்லாவா இருக்கும்?" என்றாய். உன் மரியாதை உனக்கு.

முடிவு வந்தது. நான் தேறியிருந்தேன். நீ எழுத்தில் என்னைவிட நன்றாகச் செய்து, பேச்சில் தவறியிருந்தாய். அந்த ஒரு சொல்லால்தான் தவறினாய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீ அப்படித்தான் நினைத்தாய், சாகிறவரை அப்படித்தான் நினைத்தாய்.

பெரியகுளத்துக்கு மேற்கே மாந்தோப்புகளை ஒட்டிப் புதிதாகத் திறந்திருந்த தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மாவட்டத்துக்கே ஒரே ஸ்பானிஷ் வாத்தியார் என்று என் அப்பா இரும்புக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். நீ உங்கள் கடையில் உட்கார்ந்தாய். காயைச் சல்லடையில் சலித்துக்கொண்டே வினைச்சொற்களைச் சொல்லிப் பார்ப்பாய். சனிக்கிழமை தவறாமல் பள்ளிக்கூடத்துக்கு வருவாய். பிள்ளைகளுக்கு நீ என்றால் உயிர். ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தபோது உன்னைப் பாடம் நடத்தச் சொல்லி முதல்வரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால், "சர்டிபிகேட் இல்லாதவங்கள போர்டு முன்னாடி நிக்கவிட முடியாதுங்க சார், நாளைக்கு ஒரு பேரண்ட் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். நீ கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டாய். நான் கரகரத்த தொண்டையோடு பாடம் நடத்த, நீ கையைத் தூக்கிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாய். கிளம்பும்போது சுண்ணாம்புக்கட்டி ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாய். "அடுத்த வாட்டி அடிச்சிருவம்யா" என்றாய். 

அடுத்த வாட்டி வருவதற்குள் சிறுநீரகம் படுத்துவிட்டது. மதுரைக்கும் போடிக்குமாக டயாலிசிஸ் அலைச்சல் ஆரம்பித்தது. பஸ் சீக்கிரம் போகும் என்று எத்தனை சொன்னாலும், கால் நீட்டி உட்காரலாம் என்று ரயிலையே பிடித்தாய். முடிந்த நாளெல்லாம் நானும் கூட வந்தேன். ரத்தம் குழாய் வழியாகப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வந்துகொண்டிருக்கும். நான் தேர்வாளராக உட்கார்ந்து உன்னைக் கேள்வி கேட்பேன். ஊரை விவரி, உணவை விவரி, விருந்திலிருந்து விடைபெறு. கடைசிக் கேள்வி வந்ததும் நீ ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்ப்பாய்.

"ஒரே ஒரு தடவ மே வோய்னு சொல்லிப் பழகுய்யா. பரீட்சைக்கு மட்டும். சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிறாது."

"எழுதச் சொல்லு, எழுதுறேன். நாக்கு வரலய்யா."

கேரளத்துக் கட்டப்பனையிலிருந்து வந்த ஒரு நர்ஸ் இருந்தார். நம் சண்டை என்னவென்று கேட்டார், சொன்னேன். அவர் மருந்தை ஏற்றிக்கொண்டே, "ஞங்ஙளும் போயிட்டு வராம் எந்நே பறயூ" என்றார், அவர்களும் 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்வார்களாம். உனக்கு வந்ததே சந்தோஷம்! "பாத்துக்க, மலையாளமும் என் பக்கம். நீயும் ஸ்பெயினும் மட்டும் அங்கிட்டு" என்றாய். அந்த நர்ஸுக்கும் நீ 'வெங்கோ யா' கற்றுக்கொடுத்துவிட்டாய்.

பிறகு மெலிந்துகொண்டே போனாய். தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று என்று நீ சொல்லிக்கொண்டிருந்தபோதே டாக்டர் உன் அம்மாவிடம் வேறு விஷயம் பேச ஆரம்பித்திருந்தார். கடைசியாக உன்னைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆராதனை முடிந்து நேரே மதுரைக்கு வந்திருந்தேன். மறுநாள் பள்ளிக்கூடம். எழுந்து உன் கையைத் தொட்டு, "வர்றேன்யா" என்றேன். நீ என்னைப் பார்த்து, மெதுவாக, ஒரு ஒலிகூடப் பிசகாமல் சொன்னாய்:

"மே வோய்."

 நீ சிரித்தாய். "சரியாச் சொல்லிட்டனா வாத்தியாரே? பாஸா?" என்றாய்.

"வாயக் கழுவுய்யா!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நல்லாருக்கு பரீட்சை. ஒரு மண்ணும் எழுத வேணாம். ஞாயித்துக்கெழம வருவேன், ஒழுங்கா இரு."

"சரி, வா" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை வரை நீ இருக்கவில்லை. வெள்ளிக்கிழமையே உன்னைப் போடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் தெரு நிறைய ஏலக்காய் வியாபாரிகள். வந்தவர்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. "காலையில அஞ்சு மணிக்குப் போயிட்டாரு", "சின்ன வயசுல போயிட்டாரே." எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். நீ டெல்லியில் அந்த அம்மாவுக்கு நடத்திய பாடம் அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. போர்டே இல்லாமல் நடத்திவிட்டாய் பாவி.

எல்லாம் முடிந்து நான் கிளம்பினேன். பழக்கத்தில் உன் அம்மாவிடம் போய்க் கையைப் பிடித்து, வாயைத் திறந்தேன். உங்கள் பெரியப்பா சட்டென்று என் தோளைத் தொட்டார். "தம்பி, கேத வீட்டுல சொல்லிக்கிறக் கூடாது. பேசாமக் கெளம்புப்பா" என்றார். நான் வேதக்காரன், என்னை அந்த வழக்கம் கட்டுப்படுத்தாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நம் பக்கத்தில் அதெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதானே. எங்கள் வீட்டுச் சாவிலும் யாரும் சொல்லிக்கொண்டு போனதில்லை. வாயில் வந்த 'வர்றேன்' அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். 

இனி நேற்றைய கதைக்கு வருகிறேன். போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரிகள் ஆள் அனுப்பியிருந்தார்கள். குவாத்தமாலாவிலிருந்து ஒரு தோட்டக்காரர் நம் மலைத் தோட்டங்களைப் பார்க்க வந்திருக்கிறார், இங்கிலீஷ் சுத்தமாக வரவில்லை, மாவட்டத்தில் ஸ்பானிஷ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானாமே, கொஞ்சம் வந்து பேசிக் கொடுங்கள் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருடக்கணக்காக நீ காத்திருந்த ஆளய்யா! உங்கள் கடையில், உன் இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன்.

அறுபது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம், நகமெல்லாம் காய்க் கறை ஏறிக் கறுத்திருந்தது, நம்ம மேட்டுத் தோட்டக்காரர்கள் மாதிரியேதான். ஒரு பெரியவர், "நம்ம வெலைய எறக்குறது இவுகதானான்னு கேளுங்க தம்பி" என்றார். மரியாதையாக மாற்றிக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கள் ஊரில் விலை இறங்கினால் நாங்கள் இந்தியாவைத்தான் திட்டுவோம்" என்றார். அதைத் தமிழில் சொன்னதும் கடையே சிரித்தது. உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மைப் பற்றி அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தானே நீ படிக்கப் போனாய். இதைத்தான் பேசிக்கொள்கிறார்களாம்.

அப்போதுதான் அது நடந்தது. அவருடைய செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், ஊரிலிருந்து போலிருக்கிறது. எழுந்தார். எல்லோரையும் பார்த்துக் கையை உயர்த்தினார். சொன்னார்:

"யா வெங்கோ."

சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனார்.

 பக்கத்தில் இருந்த பெரியவர், "என்ன தம்பி சொல்லிட்டுப் போறாக?" என்று கேட்டார். "வர்றேன்யான்னு சொல்லிட்டுப் போறாக" என்றேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அவர் திரும்பி வந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் கொஞ்ச நேரத்தில் வந்து, விட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஆறின டீயைக் குடித்தார். நான் அதுவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஊரில் கிளம்பும்போது இப்படித்தான் சொல்வீர்களா என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "திரும்பி வரப்போகிறவன் வேறு எப்படிச் சொல்வான்? 'மே வோய்' என்றால் போயேவிட்டான் என்று ஆகிவிடாதா?" என்றார்.

நீ சொன்னது சரிதானய்யா. நாம் படித்த புத்தகங்களில் அது இல்லை, மாட்ரிட் அம்மாவும் நமக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். உன்னிடம் இருந்த ஒரே பிழை, 'யா'வைக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்தாய். முன்னால் வைக்கவேண்டும். தமிழ்க்காரன் எதையும் கடைசியில்தானே வைப்பான். அந்த 'யா'வையும் டெல்லியில் பெரியவர்களுக்கு மரியாதை என்று விழுங்கிவிட்டாய். அதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மா சிரித்துத் தலையாட்டி அனுப்பியிருப்பாரோ என்னவோ. இதையெல்லாம் யோசித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காய்த் தூசி பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். ஏலக்காய்த் தூசிக்குக் கண் கலங்காது என்று போடிக்காரர்களுக்குத் தெரியாதா?  கிளம்பும்போது குவாத்தமாலாக்காரர் தன் தோட்டத்துக் காய் என்று என் சட்டைப் பையில் கொஞ்சம் போட்டுவிட்டார்.

இன்று காலை வகுப்பில் போர்டில் 'மே வோய்' என்று எழுதினேன். பரீட்சைக்கு இதுதான் எழுதவேண்டும் என்றேன். அதற்குக் கீழே 'யா வெங்கோ' என்று எழுதினேன். இது எங்கே வரும் சார் என்று ஒரு பிள்ளை கேட்டது. மாமா வீட்டில் வரும் என்றேன். மணியடித்ததும் எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு, நீ பழக்கிவிட்டபடியே, "வெங்கோ யா சார்!" என்று கத்திக்கொண்டு ஓடின. எத்தனை சொன்னாலும் 'யா'வைப் பின்னால்தான் வைக்கும் போலிருக்கிறது. நான் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையிடமும் 'வா', 'வா' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

காய்களை எடுத்துச் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டேன். மடலை முடிக்கும் இடத்தில் 'வர்றேன்' என்று விடைபெறுகிற அந்த ஒரு சொல்லை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டில் அன்றைக்குச் சொல்லவிடாமல் செய்தது நல்லதற்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். சொல்லிக்கொண்டால்தானே நம் ஊரில் கிளம்பினதாகக் கணக்கு? நான் உன்னிடம் சொல்லிக்கொள்ளவே இல்லை. உங்கள் வீட்டை விட்டு நான் இன்னும் கிளம்பவில்லையய்யா.